கிளிக்கூண்டும் அதில் தொங்கியவையும்

மறை ஓதுவோர் குடியிருந்த தெருவில் கிளியும் மறை பயின்றது என்கிறது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்தப் பத்துப்பாட்டு நூல், தொண்டைமான் இளந்திரையனைத் தேடிச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லிக்கொண்டே போகிறது. வழியில் அப்படி ஓர் ஊர் வருகிறது. குட்டையான பந்தற்காலில் கன்று கட்டியிருக்கிறது, தரை மெழுகியிருக்கிறது, கோழியும் நாயும் அந்த வீட்டுப்பக்கம் வருவதில்லை. அங்கிருப்பவர்கள் வளைந்த வாயுடைய கிளிக்கு வேதத்தின் ஓசையைச் சொல்லித் தருகிறார்கள். தமிழில் வீட்டுக்கிளியைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களில் இது ஒன்று. கிளிக்கு அந்த வீட்டார் கொடுத்தது சொல். கடிக்க ஒரு கட்டையோ உருட்ட ஒரு பந்தோ கொடுத்ததாகப் பாட்டில் இல்லை.

திருவனந்தபுரத்து வலியசாலையைக் கிளியோடு சேர்த்து நினைப்பதற்கு இந்தச் சித்திரமே போதும். கரமனையாற்றில் கலக்கும் கிள்ளியாற்றை ஒட்டி, சாலைக் கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில், மலையாள நாட்டுத் தலைநகரில் தமிழ் பேசும் அக்கிரகாரமாக நிலைத்திருக்கும் தெரு அது. வலிய என்றால் மலையாளத்தில் பெரிய. சாலை என்பது இங்கே பாதையைக் குறிப்பதல்ல, உண்டி கொடுத்துக் கல்வி கற்பித்த நிலையத்தைக் குறிக்கும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்காக, அதாவது மாணவர்களுக்காக, அமைத்த சாலை, காந்தளூரின் முறையைப் பின்பற்றியது என்று அவனுடைய செப்பேடு கூறுகிறது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியிலும் காந்தளூர்ச் சாலை வருகிறது. சிவன், திருமால், பிரமன் மூவருக்கும் இடமுள்ள வலியசாலை மகாதேவர் கோயிலே அந்தக் காந்தளூர் என்பது பரவலான கருத்து. விழிஞத்தின் பக்கம் அதைத் தேடுவோரும் உண்டு. எந்த இடமானாலும், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிப் படிக்கும் கல்வி அங்கே நடந்தது. அந்தக் கல்விக்குக் கிளி ஓர் உவமையாகவே ஆகிவிட்டது. பொருள் புரியாமல் ஒப்பிப்பவனைக் கிளிப்பிள்ளை என்று தமிழர் இன்றும் சொல்கிறார்கள்.

வடமொழி நூல்களிலும் இதே வழக்கம்தான். வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் எண்ணும் அறுபத்துநான்கு கலைகளில் கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கற்பிப்பது ஒன்று. நகரத்து மனிதனின் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அந்நூல் விவரிக்கும் இடத்தில், அறைக்கு வெளியே கூண்டுகள் தொங்குகின்றன. அவற்றில் இருப்பவற்றை நூல் விளையாட்டுப் பறவைகள் என்று அழைக்கிறது. இந்தப் பெயரில் ஒரு முழு வரலாறு அடங்கியிருக்கிறது. பல நூற்றாண்டுகளாகப் பறவைதான் மனிதனுக்கு விளையாட்டுப் பொருளாக இருந்தது. கூண்டில் இருக்கும் பறவைக்கும் விளையாட வேண்டும், அதற்கும் பொழுது போக வேண்டும் என்ற எண்ணம் மிகப் பிந்தியது.

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையிலிருந்த பாணபட்டர் காதம்பரியைக் கிளியின் வாயால்தான் சொல்ல வைக்கிறார். வைசம்பாயனன் என்ற அந்தக் கிளி சூத்ரக மன்னனின் அவைக்குப் பொற்கூண்டில் வருகிறது. மண்டனமிசிரரின் வீட்டைத் தேடிப் போன ஆதிசங்கரருக்கு, வாசலில் கூண்டுக்கிளிகள் தத்துவ வாதம் செய்யும் வீடுதான் அது என்று அடையாளம் சொன்னதாகச் சங்கர விஜயக் கதை கூறுகிறது. சீவக சிந்தாமணியில் குணமாலை சீவகனுக்குக் கிளியைத் தூது விடுகிறாள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகருக்கே கிள்ளையைத் தூதாக அனுப்பி ஒரு நூல் செய்தார். மலையாளத்தில் துஞ்சத்து எழுத்தச்சன் 16-ஆம் நூற்றாண்டில் இராமாயணத்தைக் கிளி பாடுவதாக அமைத்த பிறகு கிளிப்பாட்டு ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. தமிழ்த் தூதும் மலையாளக் கிளிப்பாட்டும் சேர்ந்து ஒலித்த நகரம் திருவனந்தபுரம். இத்தனை நூல்களிலும் கிளி பேசுகிறது, தூது போகிறது, வாதம் செய்கிறது. முன்னால் நிற்பது அதன் குரல், அலகு அல்ல.

கிரேக்கரும் ரோமரும் வியந்ததும் பேச்சைத்தான். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த க்டீசியாஸ், மனிதக் குரலில் இந்திய மொழி பேசும் பறவையைப் பற்றி எழுதினார். கிரேக்கம் கற்றுக்கொடுத்தால் அதையும் பேசும் என்றார். முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிய குறிப்பு மனத்தை வருத்துவது. கிளியின் தலை அதன் அலகைப் போலவே கடினமானதாம், பேசப் பழக்கும்போது தலையில் இரும்புக் கம்பியால் அடிப்பார்களாம், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காதாம். கூண்டுக்குள் மனிதன் நுழைத்த பொருள்களைப் பற்றிய பழைய பதிவுகளில் இந்தக் கம்பிக்கும் இடமுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கோயில் மரபில் வேறொரு கிளி இருக்கிறது. மதுரையில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிக் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. மீனாட்சியின் கையிலிருக்கும் கிளியின் நினைவாக அங்கே ஒருகாலத்தில் உயிருள்ள கிளிகளைக் கூண்டில் வைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி உயிருள்ளதல்ல. நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. மாதுளம்பூவால் அலகு, மரவள்ளி இலையால் உடல், மூங்கில் குச்சியால் கால் என்று பல மணி நேரம் செய்து சாயங்காலம் சாத்துகிறார்கள். அன்றைக்குச் செய்து, அன்றைக்கே வாடி, மறுநாள் வேறொன்றுக்கு இடம் விடும் அந்த இலைக்கிளியைக் கட்டும் கைகளுக்குப் பறவைக்கு எது தகும் என்பது புரிந்திருக்கும் போலத் தோன்றுகிறது. இன்றைய பறவை மருத்துவர்கள் கூண்டுக்குள் வைக்கச் சொல்வதும் ஏறக்குறைய அப்படிப்பட்ட பொருளைத்தான். இலை, நார், மென்மரம், ஓரிரு நாளில் அழிந்துபோவது.

அழிவது ஏன் நல்லது என்பதற்குக் கிளியின் உடலைப் பார்க்க வேண்டும். காலில் இரண்டு விரல் முன்னோக்கியும் இரண்டு விரல் பின்னோக்கியும் இருப்பதால் அது பொருளைக் கைபோலப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும். மேல் அலகும் தனியாக அசையும். அலகு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும், தேயாவிட்டால் மிஞ்சி வளைந்துவிடும். 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த காலத்திலும் சரி, இன்றும் சரி, சமவெளியில் தென்னந்தோப்பை நம்பி வாழ்வது பச்சைக்கிளி. மலைக்காட்டில் இருப்பது நீலச்சிறகுக் கிளி. இரண்டும் மரப்பொந்தில் முட்டையிடுபவை. பட்டுப்போன தென்னையில் மரங்கொத்தி விட்டுப்போன பொந்தை அலகால் சுரண்டி அகலமாக்கிக்கொள்வது பச்சைக்கிளியின் வழக்கம். கதிர் முற்றிய வயலில் நெல்லைக் காம்போடு வெட்டிக்கொண்டு போகும். சங்கக் குறத்தியர் தினைப்புனத்தில் தட்டையும் குளிரும் கவணும் வைத்துக் காவல் இருந்தது இந்த அலகுக்குப் பயந்துதான்.

ஆகவே கடிப்பதும் பிளப்பதும் கிளிக்கு வேலை. பகலில் பெரும்பகுதி இரை தேடுவதிலும், கூட்டத்தோடு கூச்சலிடுவதிலும், பட்டையை உரிப்பதிலும் போகும். கூண்டில் இரை கிண்ணத்தில் வந்துவிடுகிறது, பத்து நிமிடத்தில் தின்று முடிகிறது. மீதிப் பொழுதுக்கு எதுவும் இல்லை என்றால் அலகு தன் உடலின் மேலேயே திரும்புகிறது. மார்பு இறகைத் தானே பிடுங்கிக்கொண்டு தோல் தெரிய நிற்கும் கிளிகளைப் பலர் பார்த்திருப்பார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மீஹன், மில்லம், மென்ச் மூவரும் இளம் அமேசான் கிளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. இரையைத் தேடி எடுக்கும்படியான அமைப்புகளும், ஏறவும் கடிக்கவும் பலவகைப் பொருள்களும் கூண்டில் இருந்தால் இறகு பிடுங்கும் பழக்கம் உண்டாவதே தடைப்படுகிறது, உண்டானதும் குறைகிறது என்று அது காட்டியது. விளையாட்டுப் பொருள் கூண்டுக்கு அலங்காரம் என்ற எண்ணத்தை இதற்குப் பிறகு எவரும் வைத்துக்கொள்ள இயலாது. மறை பயிற்றிய பழைய வீட்டில் நாள் முழுதும் ஆள் பேச்சு இருந்தது, திண்ணையில் கூட்டம் இருந்தது. கிளிக்கு அதுவே ஓரளவு கூட்டமாக இருந்திருக்க வேண்டும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் அடுக்குமாடி வீட்டில் அந்தக் குறையைப் பொருள்கள்தான் கொஞ்சமாவது ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

கூண்டின் வரலாறு இந்தத் தேவைக்கு நேர் எதிர்த் திசையில் போனது. முதலில் மூங்கிலும் பிரம்பும். கிளி அதைக் கடிக்கும், உடைக்கும், ஓடிப்போகும். கடிக்க முடியாத கூண்டைச் செய்வதே பின்வந்தவர்களின் குறிக்கோளாயிற்று. வசதியுள்ள வீடுகளில் பித்தளைக் கூண்டு வந்தது. உட்கார ஒரு வளையம், காலில் ஒரு சங்கிலி, சத்தத்துக்கு ஒரு சலங்கை. பார்வைக்கு அழகாகவும், துடைத்தால் பளபளப்பாகவும் இருந்தன. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, துத்தநாகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் இருக்கும். புளிப்பு பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும் என்பது தமிழ்ச் சமையலறைக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசினார்கள். பழத்துண்டைக் கம்பியில் செருகிவைக்கும் கூண்டிலும் அதே களிம்புதான் ஏறுகிறது. ஆனால் கூண்டுக்கு ஈயம் பூசியவர் யாருமில்லை.

ஈயம் என்ற சொல்லிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தமிழில் அது இரண்டு உலோகங்களுக்குப் பெயர். வெள்ளீயம் நல்லது. அக்கிரகாரத்துச் சமையலறையில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் நஞ்சு. பற்றவைப்பில் இரண்டும் கலந்து வரும். பழைய கூண்டின் மூலைகளிலும், மலிவான மணியின் நாக்கிலும், திரைச்சீலை நேராகத் தொங்க அடியில் தைக்கும் குண்டிலும், பழைய சாயத்திலும் காரீயம் இருக்கும். கிளிக்கு அது மென்மையாக, கடிக்க இதமாக இருக்கிறது. கடித்து விழுங்கிய துணுக்கு அரைவைப்பையில் தங்கி, அங்குள்ள அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்தில் ஏறும். சோர்வு, கால் தளர்வு, வலிப்பு என்று வளர்ந்து சில நாளில் உயிரே போகும். இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டுச் சாயத்தில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சாயம் பூசிய கூண்டும், மரப்பொம்மையும், சன்னல் கட்டையும் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. பரண்மேல் கிடந்த பாட்டன் காலத்துக் கூண்டைத் துடைத்துப் புதுப் பறவையை விடுவது அன்போடு செய்யும் தவறு.

துத்தநாகத்தின் கதை 19-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்க உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு ஸ்டானிஸ்லாஸ் சோரல் 1837-இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். ஓயாத மழையும் கடற்காற்றும் உள்ள திருவிதாங்கூர் போன்ற நாட்டுக்கு அது பெரிய வரம். வாளி, தகரம், வேலி, வலைக்கம்பி எல்லாம் அந்தப் பூச்சோடு வந்தன. சாலைக் கடைத்தெரு போன்ற எந்தச் சந்தையிலும் கிடைக்கும் கம்பிவலையை வாங்கி வீட்டிலேயே கூண்டு செய்வது எளிதாயிற்று. அந்த வலையின் முடிச்சுகளில் துத்தநாகம் சொட்டாகத் தொங்கி உறைந்திருக்கும், வெண்பொடியாகப் படிந்திருக்கும். புதுக் கூண்டுக்கு மாறிய பறவைகள் சில வாரத்தில் மெலிந்து சாவதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் கவனித்தார்கள். 1986-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இதைப் புதுக்கம்பி நோய் என்றே அழைத்தது. வினிகர் தேய்த்துத் தூரிகையால் உரசிக் கழுவினால் பொடியும் சொட்டும் ஓரளவு போகும், நஞ்சு முழுதும் போகாது. கூண்டைப் பற்றிச் சொன்னது அதற்குள் தொங்கும் சங்கிலிக்கும் கொக்கிக்கும் இன்னும் அதிகமாகவே பொருந்தும். கூண்டுக் கம்பியைப் பறவை எப்போதாவது கடிக்கும், விளையாட்டுப் பொருளின் கொக்கியை நாள்தோறும் கடிக்கும்.

கூண்டில் இருக்கும் பறவையே மாறியது அடுத்த திருப்பம். ஜான் கூல்ட் 1840-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பட்ஜெரிகர் என்ற சிறு கிளி, கூண்டிலேயே எளிதாகப் பெருகி உலகமெங்கும் பரவியது. திருவனந்தபுரத்தில் 1857-இல் அருங்காட்சியகமும் இரண்டாண்டு கழித்து அதன் வளாகத்தில் உயிரியல் பூங்காவும் ஏற்பட்டன. வெளிநாட்டு விலங்கும் பறவையும் ஊர்மக்கள் பார்க்கும் காட்சியாயின. நாட்டுக்கிளியின் நிலை 1972-இல் மாறியது. அந்த ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டமும், 1990–91-இல் வந்த முழு வணிகத் தடையும் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, மலைமைனா முதலிய இந்தியப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் அடைப்பதையும் குற்றமாக்கின. சோதிடக்காரரின் சிறு மரப்பெட்டிக்குள் சிறகு வெட்டப்பட்டு வாழ்ந்த கிளிகளுக்கு இந்தச் சட்டம் தாமதமாகவே உதவியது, இன்னும் எல்லாவற்றுக்கும் எட்டவில்லை. நாட்டுக்கிளிக்கு எந்த விளையாட்டுப் பொருள் நல்லது என்ற கேள்விக்கு இன்று சரியான விடை தென்னந்தோப்புதான். கூண்டில் வளர்க்கத் தடையில்லாதவை பட்ஜெரிகர், காக்டீல், லவ்பேர்ட் போன்ற அயல்நாட்டுக் கிளிகள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்று அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் 2024-இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

இந்தப் பறவைகளோடுதான் கடையில் விற்கும் விளையாட்டுச் சாமான்களும் வந்தன. கண்ணாடி, ஏணி, ஊஞ்சல், நிறம் பூசிய கட்டைகளைக் கோத்த மாலை, நெகிழிப் பந்து, பருத்திக் கயிற்று வளையம். இவற்றை வாங்குவோர் குழந்தைப் பொம்மைக்கு இருக்கும் அரசு முத்திரை இவற்றுக்கும் ஒரு காவல் என்று எண்ணிவிடுவது இயல்பு. 2020-ஆம் ஆண்டின் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு மட்டும். அதன் அடிப்படையான ஐ.எஸ். 9873 தரத்தின் மூன்றாம் பகுதி காரீயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் உட்பட எட்டுத் தனிமங்கள் பொம்மையிலிருந்து கசிகின்றனவா என்று பார்க்கிறது. அந்த எட்டில் துத்தநாகம் இல்லை, பிள்ளைகளுக்கு அது அவ்வளவு கேடு செய்யாது. கிளிக்கு அது கொல்லும் நஞ்சு. குழந்தையின் ஈறுக்குத் தாங்கும் நெகிழி பெரிய கிளியின் அலகில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும் என்பதையும் அந்தச் சோதனை அளப்பதில்லை. ஆகவே முத்திரை இருந்தாலும் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துத் தீர்மானிக்கும் பொறுப்பு வளர்ப்பவருடையதே.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது அளவு. பட்ஜெரிகருக்குச் செய்த மெல்லிய நெகிழி வளையத்தை மக்காவ் என்ற பெரிய கிளி ஒரே கடியில் நொறுக்கி விழுங்கும். மக்காவுக்குச் செய்த சங்கிலியின் கண்ணில் பட்ஜெரிகரின் தலையே நுழைந்து மாட்டிக்கொள்ளும். தலை முழுதும் தாராளமாக நுழைந்து வெளிவர வேண்டும், அல்லது நுழையவே கூடாது. இடைப்பட்ட எந்தத் துளையும் கண்ணிதான். சலங்கையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது எவ்வளவு கேடானது என்று விளங்கும். அதன் உருண்டை உடலில் உள்ள கீறல் ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கியது. நகமோ விரலோ அகன்ற இடத்தில் நுழைந்து ஒடுங்கிய இடத்தில் சிக்கும். பறவை பதறிச் சிறகடிக்கும்போது விரல் முறியும். வாய் திறந்த மணி மேல், அதுவும் நாக்கு காரீயமாக இல்லாமல், பறவை கழற்ற முடியாதபடி இருந்தால். நாய்ச்சங்கிலியில் வரும் அமுக்குக் கொக்கியும் சாவிக்கொத்து வளையமும் அலகையும் கால்வளையையும் பிடித்துக்கொள்பவை. திருகி மூடும் எவர்சில்வர்க் கொக்கி ஒன்றே நம்பத்தக்கது.

எவர்சில்வருக்கு இங்கே தனியாக ஒரு சொல் தகும். ஹாரி பிரியர்லி 1913-இல் ஷெஃபீல்டில் உருவாக்கிய கறைபடா எஃகு, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ்ச் சமையலறையின் பித்தளையையும் வெண்கலத்தையும் பரணுக்கு அனுப்பியது. பழைய பாத்திரங்களுக்காக வருந்துவோர் உண்டு, அந்த வருத்தம் நியாயமே. பறவைக்கோ இதனால் நேர்ந்தது நன்மை. எவர்சில்வரில் கடித்துக் கழற்றப் பூச்சு இல்லை, புளிப்புக்குக் களிம்பு ஏறுவதில்லை, கொதிநீரில் கழுவலாம். ஒரு சின்னக் கரண்டி, ஒரு பழைய கிண்ணம், இரண்டும் கூண்டில் தொங்கினால் பெரிய கிளிகள் மணிக்கணக்கில் தட்டி ஓசை எழுப்பும்.

கயிறு மிக அழகாகத் தோன்றி மிக மெதுவாகக் கொல்வது. பருத்திக் கயிறு புதிதாக இருக்கும்போது நல்லது. பிரிந்து இழை தொங்கத் தொடங்கியதும் அந்த இழை விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்தும், கழுத்தைச் சுற்றினால் உயிரை நிறுத்தும். விழுங்கிய இழைகள் தீனிப்பையில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். தென்னங்கயிறு சொரசொரப்பானது, கடித்தால் நீள இழையாக உரியாமல் துண்டாக முறியும். குட்டையாக வெட்டித் தொங்கவிட்டால் அது பருத்தியை விட மேல். கண்ணாடி சிறு பறவைகளுக்கு இன்னொரு வகையில் கேடு. தனியாக இருக்கும் பட்ஜெரிகர் கண்ணாடியில் தெரிவதைத் துணை என்று நம்பி அதற்கு இரை கக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தான் தின்பதை மறக்கும். அதற்குத் தேவை இன்னொரு பட்ஜெரிகர்.

தென்னை மண்டிய திருவனந்தபுரத்தில் நல்ல விளையாட்டுப் பொருளுக்குக் கடைக்குப் போக வேண்டிய தேவை குறைவு. சிரட்டை இருக்கிறது. நார் உரித்து, கழுவி, துளையிட்டுத் தொங்கவிட்டு உள்ளே நாலு சூரியகாந்தி விதை போட்டால் அது இரை தேடும் பெட்டி. இளம் மட்டைத்துண்டு உரிக்கத் தகுந்தது. தமிழரும் மலையாளிகளும் குருத்தோலையில் பிள்ளைகளுக்குப் பந்தும் பாம்பும் பீப்பியும் கிளியும் பின்னித் தருவது பழைய வழக்கம். அந்த ஓலைப்பந்தையே கூண்டில் போடலாம். அரை நாளில் கிழிந்துவிடும், கிழிப்பதற்குத்தான் அது. கொய்யாக் கிளை பட்டையோடு கட்டினால் உட்காரும் கோலாகவும் கடிக்கும் பொருளாகவும் ஆகும். ஒரே தடிமனான வழவழப்புக் கோலில் எந்நேரமும் நிற்கும் பறவைக்கு அடிப்பாதம் புண்ணாகும். கோணலும் முடிச்சும் உள்ள கிளை அதைத் தடுக்கும்.

அதே தோட்டத்தில் நஞ்சும் நிற்கிறது. பூசைக்குப் பறிக்கும் அரளியின் இலை, பட்டை, குச்சி எல்லாமே இதயத்தைத் தாக்குபவை. கேரளத்து நீர்க்கரைகளில் வளரும் ஒதளமும் அந்த வகைதான். எருக்கும் ஊமத்தையும் கூடவே கூடாது. குன்றிமணி பார்க்கச் சிவப்பும் கறுப்புமாக அழகு. கெட்டியான தோல் உடையாதவரை தீங்கில்லை. கிளியின் அலகுக்கு அந்தத் தோல் ஒரு பொருட்டல்ல, உள்ளே இருப்பதோ மிகக் கொடிய நஞ்சு. ஆகவே ஓலைக் கிலுகிலுப்பையை அப்படியே பறவைக்குக் கொடுப்பதற்கு முன் உள்ளே கலகலப்பது குன்றிமணியா என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். கொல்லாங்கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய் வாயைப் புண்ணாக்கும். வறுத்து உடைத்த பருப்பு வேறு, கொட்டை வேறு. கடையில் வாங்கும் மரப்பொருளில் நிறம் நீரில் கரைகிறதா என்று ஈரத்துணியால் தேய்த்துப் பார்க்கலாம். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தின் கடைசல் பொம்மைகள் வெட்பாலை மரத்தில் அரக்கும் தாவரச் சாயமும் ஏற்றிச் செய்யப்படும் மரபுடையவை. அதே உருவில் வேதிச் சாயம் பூசிய நகல்களும் அவற்றோடு சேர்ந்து விற்பனையாகின்றன.

எங்கே தொங்கவிடுவது என்பதும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அடங்கும். பறவையின் நுரையீரலும் அதை ஒட்டிய காற்றுப்பைகளும் காற்றிலிருந்து எடுப்பதை மிக விரைவாக உடலில் சேர்ப்பவை. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நச்சுக்காற்றை அறிய கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனது இதனால்தான். பிரிட்டனில் அந்த வழக்கம் 1986 வரை இருந்தது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அடுப்பில் காலியாகக் காய்ந்தால் எழும் ஆவி, மனிதர் உணருமுன்பே பக்கத்து அறைப் பறவையைக் கொன்றுவிடும். சமையலறை வாசலில் கூண்டு வேண்டாம். ஊதுவத்திப் புகையும் கொசுவத்திப் புகையும் படும் பூசையறைப் பக்கமும் வேண்டாம். ஊஞ்சலும் மாலையும் இரைக்கிண்ணத்துக்கு மேலே தொங்கினால் எச்சம் இரையில் விழும். நாலைந்து பொருளை ஒரே நாளில் மாட்டிப் பறக்க இடமில்லாமல் செய்வதும் தவறு. இரண்டு மூன்றை வைத்து, வாரத்துக்கு ஒன்றை மாற்றினால் போதும். சாம்பல் கிளி போன்றவை புதிய பொருளைக் கண்டு மிரளும். அதைக் கூண்டுக்கு வெளியே, பறவையின் கண்ணில் படும்படி சில நாள் வைத்து, வளர்ப்பவர் கையில் எடுத்து விளையாடிக் காட்டிய பிறகு உள்ளே மாட்டலாம்.

தென்னை தரும் பொருள்களுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பகை ஈரம். இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையிலும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையிலும் நாரும் மட்டையும் உலர்வதே இல்லை. இரண்டு நாளில் சாம்பலும் கருமையுமாகப் பூஞ்சை படியும். அதன் தூள் மூச்சில் போனால் கிளியின் காற்றுப்பைகளில் பூஞ்சை வளரும், அந்த நோய் தீர மாதங்கள் ஆகும், தீராமலும் போகும். மழைக்காலத்தில் சிரட்டையைக் கொதிநீரில் போட்டெடுத்து வெயில் கண்ட நாளில் காயவைத்த பிறகே கட்ட வேண்டும். ஓலையைக் காலையில் பின்னிக் காலையிலேயே கொடுத்து, மிஞ்சியதை அன்று சாயங்காலம் கூண்டை மூடுமுன் எடுத்துவிட வேண்டும்.